வெளிநாட்டுச் சட்டப் படிப்பும் பரிந்துரைக் கடிதமும்



சில மாதங்களுக்கு முன் நமது சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, பையன் சட்டம் முடிக்கப் போறான். அமெரிக்காவுல மேல படிக்கணும்ங்கிறான். பரிந்துரைக் கடிதம் மூணு வேணுமாம். நம்ம தலைவர்கிட்ட ஒண்ணு, எம்.எல்.ஏ.கிட்ட ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார். "தயவுசெய்து வாங்காதீங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. காரணத்தைச் சொன்ன பிறகு, "இதை நம்ம இதழ்லயே எழுதுங்களேன்" என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

நான் 1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு விருதுநகரில் அப்பாவின் பருப்பு மொத்தக் கடையில் உட்கார்ந்தவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் இந்தக் கடித விஷயத்தில் ஒருமுறை தப்புக்கணக்குப் போட்டு, ஒரு பெண்ணின் ஓராண்டைப் பாழாக்கியவன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

நம் ஊர் முறையும் அந்த நாட்டு முறையும்

நம் மாநிலத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும், பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுச் சட்டப் படிப்பிலும் சேர்கிறார்கள். அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் பார்த்து இடம் தருகிறார்கள். தேசிய சட்டப் பள்ளிகளுக்கு 2008 முதல் 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. எதிலும் பரிந்துரைக் கடிதம் கிடையாது. 'சிபாரிசு' என்றாலே நமக்கு வேறு அர்த்தம்தான் நினைவுக்கு வரும். ஆகவே வெளிநாட்டு விண்ணப்பத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும், பெரிய மனிதரின் லெட்டர்பேடைத் தேடி ஓடுகிறோம்.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பிறகுதான் சட்டம் படிக்க முடியும். அந்தப் படிப்பின் பெயர் ஜே.டி.; மூன்று ஆண்டுகள். ஏற்கெனவே இங்கே சட்டம் படித்தவர்கள் அங்கே போய்ப் படிப்பது எல்.எல்.எம்.; பொதுவாக ஓராண்டு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் போவது இதற்குத்தான். இரண்டுக்கும் மதிப்பெண் பட்டியல், சொந்தமாக எழுதும் கட்டுரை ஆகியவற்றுடன் பரிந்துரைக் கடிதங்களும் கேட்பார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஜே.டி. படிப்புக்குக் குறைந்தது இரண்டு கடிதம் வேண்டும். ஹார்வர்டில் இரண்டு கட்டாயம், மூன்று வரை ஏற்பார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பி.சி.எல். படிப்புக்கு மூன்று. இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும். ஆண்டுக்கு ஆண்டும் மாறலாம். விண்ணப்பிக்கும்போது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைப் படித்துக் கொள்ள வேண்டும்.

நான் செய்த தவறு

என் தம்பி காலமான பிறகு அவன் மகளின் படிப்புக்கு நான்தான் பொறுப்பு. அவள் ஐந்தாண்டுச் சட்டம் முடித்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்தாள். 2021-ல் அமெரிக்க எல்.எல்.எம். படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பினாள்.

"கடிதத்தைப் பத்தி நீ கவலைப்படாதே, நான் பாத்துக்கிறேன்" என்று நானே பொறுப்பேற்றேன். முப்பது வருடம் பழகிய முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், பெரிய மில் அதிபர் ஒருவர், அவள் படித்த கல்லூரியில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஒருவர் என்று மூன்று பேரைப் பிடித்தேன். மூவரும் நல்ல மனதோடு, "நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார்கள். எங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே மூன்றையும் டைப் செய்தோம். 'நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எதிர்காலத்தில் பெரும் புகழ் பெறுவார்.' மூன்றிலும் ஏறக்குறைய இதே வாசகம்.

அப்போதே அவள், "பெரியப்பா, இவங்க யாருக்கும் என்னைத் தெரியாதே" என்றாள். "என்னைத் தெரியும்ல, அது போதும்" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். நான்கிலும் இல்லை என்று பதில் வந்தது. காரணம் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு ஒப்பந்தச் சட்டம் நடத்திய பேராசிரியர் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு, கடித நகல்களை வாங்கிப் படித்தார். "இந்த மூணுல எந்தப் பெயரை எடுத்துட்டு வேற எந்தப் பொண்ணு பெயரைப் போட்டாலும் பொருந்துமே அம்மா. என்கிட்ட ஏன் கேக்கல?" என்றாராம். அதை அவள் என்னிடம் சொன்ன அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

கடன் சரக்கு கேட்டு வரும் புதுப் பார்ட்டி

பிறகு யோசித்துப் பார்த்தால், இது நமக்குத் தெரியாத விஷயமே அல்ல. புதிதாக ஒருவர் வந்து, "ஐம்பது மூட்டை துவரம்பருப்பு கொடுங்க, முப்பது நாள்ல பணம்" என்கிறார். நாம் என்ன செய்வோம்? அவர் ஊரில் சரக்குப் போடும் நம் சக வியாபாரிக்குப் போன் போட்டு விசாரிப்போம்.

அங்கே இருப்பவர், "நல்ல மனுஷன், நல்ல குடும்பம், பரவாயில்லை" என்று சொன்னால் நாம் சரக்கு ஏற்றுவோமா? ஏற்ற மாட்டோம். 'பரவாயில்லை' என்ற வார்த்தைக்கு நம் அகராதியில் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். அதே ஆள், "நாலு வருஷமா என்கிட்ட வாங்குறாரு. மாசம் ரெண்டு லோடு. கொரோனா சமயத்துல ரெண்டு தவணை தள்ளிப்போச்சு, அவரே முன்கூட்டிப் போன் பண்ணிச் சொல்லி, மூணாவது மாசம் மொத்தத்தையும் கட்டிட்டாரு" என்றால், மறுபேச்சு இல்லாமல் லாரி ஷெட்டுக்கு மூட்டை போகும்.

சொல்பவர் மந்திரியாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பார்ட்டியோடு பற்று வரவு வைத்திருந்தவராக இருந்தால் போதும். பல்கலைக்கழகமும் இதையேதான் கேட்கிறது. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைச் சேர்க்கப் போகிறார்கள். மதிப்பெண் பட்டியல் மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. உள்ளே இருக்கும் சரக்கைக் குத்தூசி போட்டுப் பார்த்தவர் யார், அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் பரிந்துரைக் கடிதம்.

யாரிடம் கேட்பது?

முதலிடம், பிள்ளைக்கு வகுப்பெடுத்து, அவர்கள் எழுதியதைப் படித்துத் திருத்திய ஆசிரியருக்கு. சட்டம் என்பது படிப்பதும் யோசிப்பதும் எழுதுவதும் வாதிடுவதும்தான். இதை நேரில் பார்த்தவர் ஆசிரியர். அறுபது பேர் வகுப்பில் முதல் மார்க் கொடுத்தவரைவிட, மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வழிகாட்டியவரும் ஆய்வுக் கட்டுரையை மூன்று தடவை திருத்தச் சொன்னவரும் மேல். யேல் போன்ற இடங்களில் ஆசிரியர்களின் கடிதத்தையே வெகுவாக விரும்புகிறார்கள். ஜே.டி.க்குப் போகும் பி.காம். பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். வணிகவியல் பேராசிரியர் எழுதலாம், சட்ட ஆசிரியராக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இரண்டாமிடம், வேலையைப் பார்த்தவருக்கு. ஜூனியராக இருந்த சீனியர் வக்கீல், பயிற்சி பெற்ற அலுவலகத்தின் மேலாளர் போன்றவர்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கடையிலேயே வேலை பார்த்திருப்பார்கள். அப்பாவோ சித்தப்பாவோ மாமாவோ எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை. ஆனால் நம் கணக்குகளைப் பார்க்கும் ஆடிட்டர், உறவினராக இல்லாத பட்சத்தில், ஜி.எஸ்.டி. நோட்டீசுக்குப் பதில் தயாரிக்கும் வேலையில் பிள்ளையின் திறமையை உடனிருந்து பார்த்தவர் என்றால் அவர் எழுதலாம். ஆனால் அது ஆசிரியர் கடிதத்தோடு சேர்ந்து போவதற்கே. அதற்குப் பதிலாக அல்ல.

பிரமுகர், நீதிபதி, அதிகாரி எவராயினும் பிள்ளையின் வேலையைப் பார்த்தவர் என்றால் தாராளமாகக் கேட்கலாம். பார்க்காதவர் என்றால் வேண்டாம். வெறும் பெயர் மட்டும் உள்ள கடிதம், 'இந்தப் பிள்ளையை நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடைக்கவில்லையா?' என்ற சந்தேகத்தையே உண்டாக்கும்.

எப்படிக் கேட்பது?

பிள்ளைகளே போய்க் கேட்க வேண்டும். பெற்றோர் போகக் கூடாது. பழத்தட்டு, சால்வை எல்லாம் பிறகு நன்றி சொல்லும்போது வைத்துக் கொள்ளலாம். கேட்கப் போகும்போது கொண்டு போனால் அதற்கு வேறு பெயர்.

கேட்கும் விதமும் முக்கியம். "ஒரு கடிதம் தாங்க சார்" என்று கேட்டால், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நம் ஊர் தாட்சண்யம் அப்படி. "என் வேலையைப் பார்த்த அளவில் என்னைப் பற்றி உறுதியாக, விவரமாக எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா சார்?" என்று கேட்க வேண்டும். அவர் தயங்கினால் நன்றி சொல்லி விலகிவிட வேண்டும். வேண்டாவெறுப்பாகவோ மேம்போக்காகவோ எழுதிய கடிதம் அந்த 'பரவாயில்லை' ரகம். வாங்காமல் இருப்பதே நல்லது.

"நீயே எழுதிக்கொண்டு வா"

இது நம் நாட்டில் மிகவும் சாதாரணம். ஆசிரியர்களுக்கு வேலை அதிகம்; ஆங்கிலத்தில் நீளமாக எழுதத் தயக்கம். ஆனால் பிள்ளையே எழுதினால் மூன்று கடிதமும் ஒரே கை எழுதியது போல இருக்கும். வருடம் முழுக்கக் கடிதம் படிப்பவர்களுக்கு அது தெரியாமல் போகுமா? ஒரே மில் அரிசி மூன்று பிராண்டு பையில் வந்தால் நாம் கையில் எடுத்ததும் சொல்லிவிட மாட்டோமா?

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. கடிதம் எழுதித் தருவதற்குப் பதில் ஒரு குறிப்புத் தாள் தயாரித்துக் கொடுக்க வேண்டும். எந்த ஆண்டு, எந்தப் பாடம், என்ன மதிப்பெண், அவரிடம் எழுதிய கட்டுரையின் நகல், கலந்துகொண்ட போட்டிகள், எந்தெந்தப் பல்கலைக்கழகம், ஏன் அந்தப் படிப்பு, கடைசித் தேதி என்ன என்ற விவரங்கள். இதை வைத்துக் கொண்டு ஆசிரியர் தன் சொந்த வார்த்தையில் எழுதுவது எளிது. ஆங்கிலம் கொஞ்சம் எளிமையாக இருந்தாலும் பாதகமில்லை. விஷயம் இருந்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு ரெடிமேடாகக் கடிதம் தயாரித்துத் தரும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். பொய்க் கடிதம் என்று தெரிய வந்தால் விண்ணப்பம் போவது மட்டுமல்ல. கிடைத்த அனுமதியும் போகும். அமெரிக்காவில் வக்கீலாகப் பதிவு செய்யும்போது நன்னடத்தையைத் தனியாக விசாரிக்கிறார்கள். படிப்புக்குச் செய்த பொய் அங்கே வந்து நிற்கும். சட்டம் படிக்கப் போகிறவர் முதல் காரியமே பொய்ப் பத்திரத்தில் தொடங்கலாமா?

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஒன்றிரண்டு பக்கம் போதும். எழுதுபவருக்கு விண்ணப்பதாரரை எத்தனை காலமாக, எந்த வகையில் தெரியும் என்பது முதலில் வர வேண்டும். அடுத்து, நேரில் கண்ட ஒன்றிரண்டு சம்பவங்கள். அதன்பின் ஒப்பீடு: தான் இத்தனை ஆண்டுகளில் பார்த்த மாணவர்களில் இவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று. இது நேர்மையாக இருக்க வேண்டும்; எல்லோரையும் 'மிகச் சிறந்தவர்' என்று எழுதும் ஆசிரியரின் சொல்லுக்கு மதிப்பு இராது. ஒரு சிறு குறையைச் சொல்லி, அதை எப்படித் திருத்திக் கொண்டார் என்று எழுதினாலும் தவறில்லை. மற்ற புகழ்ச்சிக்கு அது பலம் சேர்க்கும்.

என் தம்பி மகள் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மறு வருடம் 2022-ல் அவளே போய் அந்தப் பேராசிரியரிடமும், தன் சீனியரிடமும் கேட்டாள். நான் கடையை விட்டு நகரவில்லை. பின்னர் நன்றி சொல்லப் போனபோது, தான் என்ன எழுதினார் என்பதைச் சீனியர் சொன்னார். ஒரு வியாபாரியின் செக் பணமில்லாமல் திரும்பி வந்த கேஸ். செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். கட்சிக்காரர் தேதியைத் தவறாகச் சொல்லியிருந்தார். இவள் வங்கி மெமோவைத் தேடி எடுத்து நாள் கணக்குப் பார்த்தால், மீதி இருந்தது இரண்டே நாள். அன்று மாலையே நோட்டீசைத் தயார் செய்து தபாலில் சேர்த்துவிட்டாள். "இதை நான் சொல்லித் தரலை. அவளே பார்த்தாள். அதை அப்படியே எழுதினேன்" என்றார். நான் முந்தின வருடம் டைப் செய்த 'கடின உழைப்பாளி' என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் இல்லையாம். இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கடிதம் போய்ச் சேரும் வழி

அமெரிக்கச் சட்டப் பள்ளிகளுக்கான விண்ணப்பங்களில் பெரும்பாலானவை எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பின் வழியாகப் போகின்றன. அது 1947-ல் தொடங்கப்பட்டது. பிள்ளை அதில் கணக்குத் தொடங்கி, பரிந்துரைப்பவரின் பெயரையும் மின்னஞ்சலையும் பதிய வேண்டும். அவருக்கு ஒரு இணைப்பு வரும். அவரே கடிதத்தை அதில் ஏற்ற வேண்டும். ஒருமுறை ஏற்றினால் அதையே பல பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்கிக் கொள்ளலாம். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தத் தளத்திலேயே நேரடியாகக் கேட்கும். கடிதம் கல்லூரி அல்லது அலுவலக லெட்டர்பேடில், கையெழுத்துடன் இருக்கட்டும். கல்லூரி பெயரிலேயே மின்னஞ்சல் இருந்தால் அதைக் கொடுப்பது நல்லது.

பதியும்போது ஒரு கேள்வி வரும்: இந்தக் கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சேர்ந்து படிக்கும் மாணவருக்குத் தன் கல்வி ஆவணங்களைப் பார்க்கும் உரிமை தருகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதே வழக்கம். பிள்ளைகள் இதில் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். பார்ட்டியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, "இவர் எப்படி?" என்று விசாரித்தால் யார் உண்மை சொல்வார்? ரகசியமாகச் சொன்ன சொல்லுக்குத்தான் எடை.

காலக்கணக்கு

அமெரிக்கப் படிப்புகளுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில் திறக்கிறது. எல்.எல்.எம். கடைசித் தேதிகள் நவம்பர், டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டின் முதல் மாதங்கள் வரை போகும். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். நம் ஊரில் அது தீபாவளி சமயம். செமஸ்டர் பரீட்சையும் வரும். ஏற்றிய கடிதம் சரிபார்க்கப்படுவதற்கும் அவகாசம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். தினமும் போன் செய்து நச்சரிக்கக் கூடாது. முடிவு எதுவானாலும் எழுதிக் கொடுத்தவருக்குத் தெரிவித்து நன்றி சொல்ல வேண்டும்.

இவை கடைசி வருட வேலை. உண்மையான வேலை முதல் வருடமே தொடங்குகிறது. வகுப்பில் கேள்வி கேட்பது, கட்டுரையைத் திருத்தி வாங்குவது, ஆசிரியர் அறையில் பாடம் சம்பந்தமாகப் பேசுவது. பேரேட்டில் பற்று வரவே இல்லாமல் கடைசி நாளில் கடன் கேட்டால் யார் தருவார்? சட்டக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் நம் உறுப்பினர்கள் இதை இப்போதே அவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும்.

அந்த மறு வருடம் அவள் ஐந்து இடத்துக்கு விண்ணப்பித்தாள். மூன்றில் இல்லை என்றார்கள். இரண்டில் இடம் கிடைத்தது. அதில் ஒன்றில் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தும் கொடுத்தார்கள். கடிதம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓராண்டு கூடுதல் அனுபவமும் சேர்ந்தது. 2023-ல் போய் 2024-ல் படிப்பை முடித்தாள்.

என் செல்வாக்கைக் காட்டப் போய் அவளுடைய திறமையை மறைத்தேன் என்பதுதான் என் கணக்கில் எழுத வேண்டிய நஷ்டம். நாற்பத்தைந்து வருடமாக அடுத்தவர் நாணயத்தை விசாரித்துச் சரக்குக் கொடுத்தவனுக்கு, வீட்டுப் பிள்ளை விஷயத்தில் அந்தப் பாடம் மறந்து போயிற்று. மற்றவர்களுக்கு மறக்க வேண்டாம் என்றே எழுதினேன். நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் சொந்த நாணயத்தில் உயரட்டும்.

வாழ்க வணிகர் ஒற்றுமை!